ஈரத் தரைக்கு இரண்டு காரணம்

காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போடுவது எனக்குக் கைவந்த கலை. ஒரே இழுப்புத்தான். எங்கே தொடங்கினேன், எங்கே முடித்தேன் என்று யாராலும் காட்ட முடியாது. முப்பது ஆண்டுகளில் எங்கள் துறையில் வேறு யாருக்கும் அது படியவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நான் நடத்தும் பாடத்துக்கு நிகழ்தகவு வரைபட மாதிரிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வட்டம், எது எதற்குக் காரணமோ அதற்கு ஓர் அம்பு, எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஓர் எண். அவ்வளவுதான். முதல் வகுப்பில் எப்போதும் ஒரே உதாரணம்தான் சொல்வேன். நடைக்கூடத் தரை ஈரமாக இருக்கிறது. ஜன்னல் வழியாக மழைச்சாரல் அடித்திருக்கலாம். துடைப்பவரின் வாளி கவிழ்ந்திருக்கலாம். கவிழ்ந்த வாளி கண்ணில் பட்டுவிட்டால் மழையின் மேலுள்ள சந்தேகம் தானாகவே இறங்கிவிடும். மழையும் பெய்திருக்கலாம். ஆனாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு காரணம் கைக்குக் கிடைத்த பிறகு இன்னொன்றைத் தேடும் மனிதர் அபூர்வம்.

அவள் அந்த உதாரணத்தைக் கேட்டுச் சிரித்தபடிதான் எனக்கு அறிமுகமானாள். முதலில் மாணவி, பிறகு ஆராய்ச்சி, பிறகு எனக்கு எதிர் அறையில் விரிவுரையாளர். துறையில் என்னைப் பெரியவர் என்பார்கள், அவளைச் சின்னவர். நாலு பேர் முன்னால் மேடம் என்பாள். தனியாக இருக்கும்போது பெரியம்மா. "எங்கம்மாவை விட நீங்க ரெண்டு வயசு மூப்பு. வேற எப்படிக் கூப்பிடறது, சொல்லுங்க?" என்பாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த அழைப்பு பிடித்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

அவளுக்கு வலிப்பு உண்டு. என் அறையில்தான் ஒருமுறை விழுந்தாள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பெரியம்மா, இது வெளியில தெரிஞ்சா என்னை வகுப்புக்கே விட மாட்டாங்க." ஏழு அறை வைத்த ஒரு டப்பாவில் வாரத்துக்கான மாத்திரைகளை அடுக்கி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

போன வருஷம் வகுப்பு நடுவில், நானே வரைந்த படத்தின் முன்னால் நின்றேன். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அரை நிமிஷம் இருக்கும். அதை அவளிடம் மட்டும் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் சொல்வேனா பெரியம்மா? உங்க ரகசியம் என்கிட்ட, என் ரகசியம் உங்ககிட்ட. கணக்கு நேர்."

ஆறு வாரம் கழித்து அறிவிப்புப் பலகையில் புதுக் கால அட்டவணை ஒட்டினார்கள். என் பாடத்துக்கு நேரே அவள் பெயர். துறைத் தலைவரிடம் போனேன். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "மேடம், உங்க மறதி விஷயம் எனக்குத் தெரியும். சங்கடப்படாதீங்க, ஓய்வா இருங்க" என்றார்.

என் அறைக்கு வந்து படம் போட்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது: ஒரு வட்டம். அவள் சொல்லியிருக்கிறாள்: இன்னொரு வட்டம். நடுவில் அம்பு. வேறு வட்டத்துக்கு அங்கே இடமில்லை, ஏனென்றால் வேறு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் அவளே வந்து கதவோரம் நின்றாள்.

"கோவமா பெரியம்மா? நீங்க சொல்லித்தானே நான் ஒத்துக்கிட்டேன்."

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். "கோபமா, எனக்கா? நல்லா நடத்து" என்றேன்.

அவசரப்படவில்லை. தேர்வு முடிந்து நூற்று நாற்பது விடைத்தாள் அவள் மேஜைக்கு வரும்வரை பொறுத்திருந்தேன். அவள் தூங்காமல் திருத்தினாள். அது துறைக்கே தெரியும். "சின்னவரே, கண் இமைக்கு முட்டுக் கொடுக்கக் குச்சி வேணுமா?" என்று தலைவர் கேட்க, எல்லோரும் சிரித்தோம். அவள் அறைச் சாவி ஒன்று எப்போதும் என்னிடம் இருக்கும். அவள் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில் டப்பாவில் இருந்ததை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே மாதிரி இருந்த என் சத்து மாத்திரைகளை அடுக்கினேன். அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் செய்யாது.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை காலை, விரிவுரைக் கூடத்தின் படிக்கட்டில் உச்சியிலிருந்து விழுந்தாள். தலையில் அடி. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

வலிப்பு பற்றி அவள் அம்மாதான் மருத்துவரிடம் சொன்னார். தூக்கம் கெட்டால் வரும் என்றார் மருத்துவர். பத்து நாளாகத் தூங்கவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன், அது உண்மைதானே. வாளி கிடைத்துவிட்டது. மழையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. டப்பாவில் பழைய மாத்திரைகளைத் திரும்ப அடுக்கி, அவளுடைய மற்ற சாமான்களோடு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அம்மா என் கையை விடவில்லை. "பெரியம்மா பெரியம்மான்னு உசிரை விடுவாளே" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

பாடம் என்னிடமே திரும்ப வந்தது. வேறு யாருக்கு அதை நடத்தத் தெரியும்?

இப்போது நான் இங்கே வந்த விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சொன்னது முன்கதை. உங்களுக்குச் சந்தர்ப்பம் புரிய வேண்டுமே என்றுதான் ஒளிக்காமல் சொன்னேன். போன வாரம் என் ஓய்வு ஆவணங்களுக்காகக் கோப்பைப் புரட்டிய தலைவர் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். "அன்னிக்கு இதை வெச்சுத்தானே மேடம் மாத்தினோம்" என்றார். அட்டவணை ஒட்டுவதற்கு மூன்று வாரம் முந்தைய தேதி. எனக்கு மறதி வருகிறது, பாடத்தைச் சின்னவளிடம் ஒப்படையுங்கள், அவளிடம் நானே பேசிவிட்டேன், இனி இதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று நாலு வரி. நான் எப்போதும் எழுதும் பச்சை மை. கீழே என் கையெழுத்து. அதற்கும் கீழே, யாரிடமிருந்து யாருக்கு என்று காட்ட இரண்டு வட்டமும் நடுவில் ஓர் அம்பும்.

இதோ, அந்தக் கடிதம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டேன். வட்டங்கள் எங்கே தொடங்குகின்றன, எங்கே முடிகின்றன என்று எனக்கும் தெரியவில்லை.

என் கையெழுத்தை இவ்வளவு துல்லியமாகக் கள்ளத்தனமாகப் போட்டது யார் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். புகாரில் எழுதுங்கள்: இதை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்கு நினைவிருக்காதா?