காதுக்குப் பின்னால்

— இந்தக் கையை வெட்டிப் போடணும், ஜலீலா. என் மகளை அடிச்ச கை இதுதான்.

— மெதுவா பேசுக்கா. வார்டே திரும்பிப் பாக்குது.

— பாக்கட்டும்! ஒம்பது வயசுப் புள்ள. வாய் ஒரு பக்கமா கோணிக்கிட்டு நின்னா. உன் கல்யாணத்துக்கு வந்த உன் மாமியாரைப் பாத்து அழகு காட்டுறான்னு நெனச்சுட்டேன்டி. அத்தனை பேர் முன்னாடி, கூஸ்கூஸ் தட்டைக் கீழகூட வைக்க விடாம பளார்னு அறைஞ்சேன்.

— உனக்கு என்ன தெரியும், பாவம்.

— பெத்தவளுக்குத் தெரியலைன்னா? டாக்டரம்மா சொன்னாங்க, காதுல கட்டுன சீழ் பின்னாடி எலும்பை அரிச்சிடுச்சாம். மூஞ்சிக்குப் போற நரம்பை அழுத்தியிருக்கு. அதான் வாய் கோணிச்சாம். இன்னும் ஒருநாள் விட்டிருந்தா மூளைக்கே போயிருக்குமாம். காதுவலி எல்லாம் இப்படி முத்தாது, எப்பவோ ஒரு புள்ளைக்குத்தான்னாங்க. அந்த ஒரு புள்ள என் ஷிராஸா இருக்கணுமா? நானும் தினம் ஆலிவ் எண்ணெயைச் சூடு பண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன்.

— நம்ம அம்மாவும் நமக்கு அதத்தானே ஊத்துனாங்க?

— நமக்கு ஆறுச்சு. இவளுக்குக் காய்ச்சல் விட்டதும் நானும் விட்டுட்டேன். எனக்கு உன் கல்யாணப் பலகாரம் பெருசாப் போச்சு. நம்ம ஊரு காஃப்ஸாவுல டாக்டரே இல்லையா? ரெண்டு தெரு நடந்தா போதும். அங்க நடக்காம இப்ப ஸ்ஃபாக்ஸ் பெரியாஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்ஸ்ல வந்திருக்கேன்.

— ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சுதேக்கா. முகம் நேராயிடும்ல?

— மாசக்கணக்குல ஆகுமாம். காது கேக்குமான்னு கேட்டேன். பொறுத்துத்தான் பாக்கணும்னுட்டாங்க. அது சரி, நீ ஏன் இங்க நிக்குற? கல்யாணமாகி மூணாம் நாள், கையில மருதாணிகூட மங்கல. கீழ உன் வீட்டுக்காரர் ஒத்தையா உக்காந்திருக்காரு. போடி.

— போகல. டாக்டரம்மா வேற எதுவும் கேட்டாங்களா?

— கேட்டாங்களே. "காதே முன்னாடி தள்ளிக்கிட்டு நிக்குற அளவுக்கு வீங்கியிருக்கு, நாலு நாளா வீட்ல ஒருத்தர் கண்ணுலயும் படலையா"ன்னாங்க. எனக்குத் தலை நிமிரல. அவளாச்சும் வாயைத் தொறந்திருக்கலாம். எப்பப் பாரு எரிஞ்சு விழுறவகிட்ட எப்படிச் சொல்லுவா? பயந்திருப்பா.

— பயந்து இல்லக்கா.

— பின்ன?

— மருதாணி வச்ச அன்னிக்கு அவளுக்கு நான்தான் தலை பின்னுனேன். சீப்பு பட்டதும் துடிச்சுட்டா. முடியை ஒதுக்கிப் பாத்தேன். செக்கச்செவேல்னு வீங்கிக் கெடந்துச்சு.

— பாத்தியா? நீ பாத்தியா?

— பாத்தேன். உன்கிட்ட சொன்னா அந்த நிமிஷமே அவளைத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்ப. கல்யாணம் நின்னிருக்கும். ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போன கல்யாணம்க்கா. எனக்கு முப்பத்தாறு வயசு. பின்னலை அவுத்து, காது மறையுற மாதிரி முடியைத் தழைய விட்டேன்.

— ஜலீலா...

— கல்யாணம் முடியுற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன். நீ அறைஞ்சப்பகூட அவ உன்னைப் பாக்கலக்கா, என்னைத்தான் பாத்தா. இப்பவாச்சும் சொல்லட்டுமான்னு கண்ணாலயே கேட்டா. நான் வேண்டாம்னு தலையாட்டினேன்.