விரால் குடியிருக்கும் கிணறுகள்

இந்தக் கூட்டத்தின் தலைமையை ஏற்றிருக்கும் சரஸ்வதியம்மாள் அவர்களே, வடகரப்பதியின் மானம் காக்கும் பெரியோர்களே, வேலையையும் வெயிலையும் வென்று வந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! தேங்காய் வியாபாரி உமரின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

என்ன அங்கே முணுமுணுப்பு? "ஏனுங்க பாய், தேங்கா யாவாரிக்குத் தண்ணிப் பேச்சு எதுக்குங்க?" என்கிறீர்களா? ஐயா, தண்ணீர் இல்லாமல் தென்னை ஏது? தென்னை இல்லாமல் என் கடை ஏது? தியாகம் பேச வரவில்லை. என் பிழைப்பைப் பேச வந்திருக்கிறேன்!

கோயம்புத்தூர் வளர்கிறது. வளரட்டும், வாழட்டும்! அங்கே எனக்கும் வாடிக்கைக்காரர்கள் உண்டு. ஆனால் அடுக்குமாடிகளின் தாகம் டேங்கர் லாரியாக நம் வாசலில் வந்து நிற்கிறதே, அதற்கு நம் கிணறுகளையா கொடுப்பது?

நம் ஊர் செய்வதை எந்த ஊர் செய்கிறது? கோடையில் குளம் சுருங்கும்போது விரால்களைக் குடங்களில் அள்ளி நம் கிணறுகளில் விடுகிறோம். மழையில் குளம் நிறைந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். விரால் இருக்கும் கிணற்றை அடிவரை இறைக்க இங்கே எவருக்கும் மனம் வராது. மீனுக்காக விட்ட அந்தத் தண்ணீர் தவளையைக் காத்தது, நாரையைக் காத்தது, நம் தோப்பைக் காத்தது! எந்த அதிகாரி வந்து சொன்னார்? எந்தச் சட்டம் வந்து மிரட்டியது? நாமே நினைத்தோம், நாமே செய்தோம்!

போன மாதம் டேங்கர்க்காரர் ஒருவர் நம் தலைவர் சரஸ்வதியம்மாள் வீட்டுக்குப் போனார்.

"கெணத்த வாடகைக்கு உடுங்கம்மா. வெயில் காலம் முடிஞ்சதும் திருப்பிக் குடுத்தர்றோம்."

"உள்ள விரால் குஞ்சும் குட்டியுமா இருக்குது. நீங்க உறிஞ்சீட்டுப் போனா அதுக எங்க போகுந் தம்பி? லாரியில ஏத்தீட்டுப் போயி பிளாட்டுல குடி வெப்பீங்களா?"

வந்த வண்டி வந்த வழியே போனது! கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்!

போன வண்டி எங்கே நின்றது? முன்வரிசையில் இருக்கும் நம் பூபதிராஜா வீட்டில். காய் விலை சரிந்ததில் மனம் உடைந்து அவர் சம்மதித்துவிட்டார். நாளைக் காலை லாரி வருகிறது. "என்ற கெணறு, என்ற இஷ்டமுங்க" என்கிறார். ஐயா, மண்ணுக்கு அடியில் வேலி போட்டவர் யார்? உங்கள் கிணறு வறண்டால் அடுத்த கிணறு இறங்காதா? அதிலிருக்கும் விரால் துடிக்காதா?

உபதேசத்தால் உலை கொதிக்காது, எனக்குத் தெரியும். அதனால் வியாபாரமே பேசுகிறேன். விரால் வாழும் கிணறு எந்தத் தோப்பில் இருக்கிறதோ, அந்தத் தோப்பின் காயை இந்தக் கோடை முழுவதும் அட்வான்ஸ் கொடுத்து நானே எடுக்கிறேன். தர்மமல்ல! நீர் நிலைத்தால் காய் நிலைக்கும், காய் நிலைத்தால் என் கடை நிலைக்கும். பூபதி, ஊர் பார்க்கிறது. உங்கள் பதில் என்ன?

எழுந்துவிட்டார்! சத்தமாகச் சொல்லுங்கள்!

"நாலு பேருக்கு முன்னால மடக்கிப்போட்டீங்க பாய்! செரி, லாரிய நானே திருப்பி அனுப்பீடறனுங்க. எங்கூட்டுக் கெணத்துக்கும் ரெண்டு கொடம் விரால் உடச் சொல்லுங்க!"

கேட்டீர்களா? நகரம் எவ்வளவு பெரிதானாலும் ஆகட்டும், இந்த ஊர் சிறிதல்ல! பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, எழுந்து நின்ற பூபதிக்கு இருமடங்கு நன்றி கூறி விடைபெறுகிறேன், வணக்கம்!