எண்ண மறந்த கட்டடத்திலிருந்து எங்கள் ‘மாடியெண்ணி’க்கு

நகரக் கட்டடப் பதிவேட்டுப் பிரிவின் தலைமை அளவரே, வெயிலுக்கும் மழைக்கும் விடுப்பெடுக்காத வித்தகரே, அண்ணாந்து பார்த்தே கழுத்து வலியை விலைக்கு வாங்கிய அருமை அண்ணலே, நேரில் ‘ஐயா’ என்றும் முதுகுக்குப் பின்னால் ‘மாடியெண்ணி’ என்றும் நாங்கள் அழைத்துவந்த பெருந்தகையீர், வணக்கம்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தெருத்தெருவாய் நடந்து, எந்தக் கட்டடம் என்று எழுந்தது, எத்தனை மாடி, எத்தகைய சுவர், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கட்டடத்துக்கோர் அட்டையாய் எழுதினீர்கள். அதுவும் பென்சிலால். பேனாவைத் தொட்டவரை முறைத்து, “அடுத்த வருஷமும் அது அப்படியே இருக்கும்னு யாரு சொன்னா?” என்பீர்கள். திரையரங்கு மரச்சாமான் கடையாகி, அதுவே பள்ளிக்கூடமும் ஆனது. அண்ணன் தம்பி மனத்தாங்கலில் இரண்டான வீடு, அவர்கள் பிள்ளைகள் நடுச்சுவரை இடித்ததும் மீண்டும் ஒன்றானது. பழைய கிடங்கின் மாடங்களில் இன்று நாற்பது குடும்பங்கள் துணி உலர்த்துகின்றன. அத்தனைக்கும் உங்கள் பென்சில் ஈடுகொடுத்தது.

குறையைச் சொல்லாவிட்டால் இது முகத்துதியாகிவிடும். ஆண்டுதோறும் கணக்கெடுப்பை அலுவலக வாசலில் இறங்கி வலப்பக்கம் தொடங்கி, ஊரெல்லாம் சுற்றி, இடப்பக்கத்து அச்சகத்தில் முடிப்பது நம் வழக்கம். இப்படி ஊரையே எண்ணிய நாம், உட்கார்ந்திருக்கும் கட்டடத்தை மட்டும் எண்ணவே இல்லை.

எண்பது வயது தாண்டிய கட்டடங்களைப் பதிவேட்டைப் பார்த்து இடிப்புப் பட்டியலில் சேர்க்குமாறு சென்ற ஆண்டு உத்தரவு வந்தபோதுதான் இது தெரிந்தது. நம் கட்டடத்துக்கு வயது எண்பத்தாறு. “அட்டையே இல்லாத கட்டடத்தை யாரு இடிப்பா? கம்முனு இருந்துடலாம் ஐயா” என்று தட்டச்சர் அக்கா முதல் ஓட்டுநர் அண்ணன் வரை கெஞ்சினோம். “ஊருக்கெல்லாம் எழுதிட்டு, நமக்குன்னு வந்தா ஒளிச்சு வைக்கிறதா?” என்று கேட்டீர்கள். அன்று வந்த கோபத்தை மறைப்பானேன்? இரண்டு நாள் உங்களோடு யாரும் தேநீர் குடிக்கவில்லை.

நீங்களோ ஏணி போட்டு ஏறி, அடித்தளம் முதல் கூரை வரை மூன்று நாள் அளந்தீர்கள். ஓதமேறிய சுவர், ஆடும் படிக்கட்டு, கூரையின் இரண்டு விரிசல் என எதையும் மறைக்கவில்லை. தூண்கள் உறுதி என்பதையும் தட்டிப் பார்த்தே எழுதினீர்கள். சோதிக்க வந்த பொறியாளர்கள் அட்டையும் கையுமாய் ஒரு முழுநாள் அலைந்தும், அதில் இல்லாத பழுது ஒன்றையும் காணவில்லை. படிக்கட்டை மாற்றிக் கூரையைச் சீராக்கினால் போதும், இடிக்க வேண்டாம் என்று எழுதிப் போனார்கள். இன்று உங்கள் பணிநிறைவு விழாவுக்கு வந்த அனைவரும் ஏறி வந்தது அந்தப் புதுப் படிக்கட்டில்தான்.

ஐயா, அன்புத் துணைவியாரோடு முழங்கால் வலியின்றி, மூச்சிரைப்பின்றி, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு நலமாய் இருங்கள். மாடியை எண்ணாமல் ஒரு தெருவையாவது கடக்க முடிகிறதா என்றும் முயன்று பாருங்கள்.

இன்று காலை நம் கட்டடத்தின் அட்டையை எடுத்து, ‘இருப்போர் பன்னிரண்டு’ என்பதை அழித்துப் பதினொன்று என்றெழுதப் போனீர்கள். அழிப்பானை மேசையெங்கும் தேடினீர்களே, அதை ஒளித்துவைத்தது நாங்கள்தான். உங்கள் பதிவேட்டில் தெரிந்தே ஒரு பிழையை முதன்முறையாக விட்டுவைக்கிறோம். அடுத்த ஆண்டு அதைத் திருத்த நீங்களே வந்தாலும் அழிப்பான் கிடைக்காது.

இங்ஙனம்,
பன்னிரண்டு பேர் இருக்கும் இக்கட்டடத்தின் மற்றைய பதினொருவர்