எந்தப் பிஸ்டல் கைக்குச் சரி

என் மகள் குறிபார்த்துச் சுடும் கழகத்தில் சேர்ந்தபோது, துவக்குப் பிடிக்கிற கையால் என் வீட்டுக் கதவைத் தட்டாதே என்று சொன்னேன். அது நான் செய்த பெரும் பிழை. அதன்பின் அவள் வரவே இல்லை.

போன கிழமை சுவிஸின் டீட்டிகோன் நிலையத்தில் ரயில் ஏறினேன். முன் இருக்கையில் நடுவயதுக் கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தனான். இப்ப மனுசிக்குத் துவக்கு வாங்கப் போறன்," என்றார் கணவர்.

"நீங்கள்தானே வாறன் எண்டனீங்கள்! ஒஸ்ரியா நாட்டுப் பிஸ்டல் பாரமில்லை. சுவிஸ் பிஸ்டல் பாரம், ஆனால் சுடேக்கை கை துள்ளாது."

"பிடி எது உமக்குச் சரி?"

"விரலைத் தாங்கோ." மனைவி அவருடைய மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தார். "சுவிஸ் இவ்வளவுதான். மற்றதின்ரை பிடி இன்னும் மொத்தம், கைக்குள்ளை அடங்காது."

"அப்ப சுவிஸையே எடும். இனி விரலை விடும், சனம் பாக்குது."

மனைவி விடவில்லை. "வெடிச் சத்தம் உங்களுக்கு ஏலாது. கடைக்கு மட்டும் வாங்கோ, கழகத்துக்கு வேண்டாம்."

"வீட்டிலை இருந்து யோசிச்சால் இன்னும் பயம். உமக்குப் பின்னாலை வந்து நிக்கிறன்."

பாடனில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

சனிக்கிழமை நான் மகளின் கழகத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது பக்கத்தில் யாரோ சுட்டார்கள், காதைப் பொத்திக்கொண்டேன். அவள் மேசையில் கிடந்த காதுமூடியை எடுத்து என் தலையில் மாட்டினாள். பிறகு ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.