தள்ளிப்போன தேர்வுகள்

எங்கள் அறையில் பாத்திரம் கழுவுவது என் வேலை, பாடம் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஒருத்திக்கு ஒருத்தி குறை வைத்ததில்லை. நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். கீழ்வீட்டுக்காரம்மாகூட, கூடப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தார்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

வகுப்பில் எல்லோரும் அவளைக் கொசு என்று கூப்பிடுவோம். ஆள் ஒல்லி, அதோடு கணக்குப் போடும்போது வாய்க்குள் எதையாவது ரீங்காரம் போட்டுக்கொண்டே இருப்பாள். விடை வந்தால்தான் சத்தம் நிற்கும். அவளுக்கே அந்தப் பெயர் பிடித்திருந்தது. அடிச்சாலும் போகமாட்டேன் என்று சிரிப்பாள்.

மேல்நிலைக் கணக்கியல் நடத்திய பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் சல்லடை. வருஷா வருஷம் பாதி வகுப்பைச் சலித்துக் கீழே விட்டுவிடுவார். திட்டமாட்டார். கரும்பலகைக்குக் கூப்பிட்டு, சாக்பீஸைக் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். அவ்வளவுதான். அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குக் காது அடைத்துக்கொள்ளும், விரல் நுனி மரத்துப்போகும், நான் எழுதின எண்களே வேறு யாரோ எழுதினதுபோல் தெரியும்.

முந்தின வருஷம் அந்தப் பாடத்தில் நான் தோற்றிருந்தேன். இன்னொரு முறை தோற்றால் பட்டப்படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அப்பா தையற்காரர். அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லோரிடமும், அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு, என் பெண் ஆடிட்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அசையாமல் நிற்கிறவர்கள் கேட்டுத்தானே ஆகவேண்டும்.

பயம் என்றால் சாதாரணப் பரீட்சை பயம் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு இறங்காது. பாடப்புத்தகம் மேசையில் இருந்தால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். பேருந்தில் யாராவது நரைத்த தலையோடு நின்றால் சல்லடையோ என்று அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன்.

கொசுவுக்கு வலிப்பு நோய் இருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் வராது. வகுப்பில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அறைக்கு வந்த அன்றே சொல்லிவிட்டாள். "வந்தா பயந்துடாதே. ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்க விடாதே, யாரையும் அமுக்கிப் பிடிக்க விடாதே. தானா அடங்கிடும்."

இடைத்தேர்வு நெருங்கின சமயத்தில், படிப்பு மும்முரத்தில் மாத்திரையை மறந்துவிட்டாள். தேர்வு அன்று காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். அவள் சொன்னபடி எல்லாம் செய்தேன். மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சல்லடையே வந்து பார்த்தார். நீ செஞ்சது பெரிய காரியம்மா என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் தேர்வைத் தள்ளிவைத்தார். அதற்குள் கொசு எனக்குப் பாடத்தை ஊட்டிவிட்டாள். கரையேறினேன்.

அந்த மருத்துவமனை நாற்காலியில் நான் தூங்கின தூக்கம் இருக்கிறதே, அதுபோல அந்த வருஷம் முழுக்கத் தூங்கவில்லை. நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்றை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது. அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமே மாத்திரைய நீயே எடுத்துக் குடும்மா. அவ மறந்துடுவா. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றார். நானும் சரி என்றேன்.

அடுத்து வகுப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு கணக்கைப் போட்டு விளக்க வேண்டியிருந்தது. என் முறை நெருங்கியது. எவ்வளவு படித்தும் தலையில் நிற்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. இந்த முறை மறதி இல்லை. தினமும் நான்தான் கையில் மாத்திரை கொடுத்தேன், அவள்தான் தண்ணீர் ஊற்றி விழுங்கினாள். அது சத்து மாத்திரை. நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவளுக்குக் கெடுதல் பண்ணவேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. பக்கத்திலேயே இருந்தேன், தலையணையை எட்டும் தூரத்தில் வைத்திருந்தேன். விழுந்தவளைப் பிடித்தது நான்தான். என் முறையையும் சல்லடை தள்ளிவைத்தார்.

அதன் பிறகு கொசு பயப்பட ஆரம்பித்தாள். குளியலறைக் கதவைத் தாழ் போடமாட்டாள். மாடிப்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். ஒரு நாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "மாத்திரை போட்டும் வருதுன்னா, என் மூளை கெட்டுப்போகுதுன்னு அர்த்தமா?"

அதெல்லாம் இல்லை என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தேன். மருத்துவர் அளவைக் கூட்டி எழுதினார். அதன்படி நானும் அதே டப்பாவிலிருந்து கூட்டிக் கொடுத்தேன். பயந்தவளுக்கு ஆறுதல் சொல்லும்போது நம் பயம் குறைந்துவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

இறுதித்தேர்வு வந்தது. முக்கியமான பாடம், தாய் நிறுவனத்தையும் துணை நிறுவனத்தையும் சேர்த்து ஒரே கணக்காகக் காட்டுவது. ஒன்று இன்னொன்றுக்கு விற்ற சரக்கின் லாபத்தை ஏன் நீக்கவேண்டும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கொசு ஒரு பேனாவை என் இடது பையில் போட்டாள், பிறகு அதை எடுத்து வலது பையில் போட்டாள். "இப்ப உனக்கு லாபம் வந்துச்சுன்னு ஊர்ல சொல்லிக்குவியா? வெளிய போனாத்தான்டி லாபம்." நான் தலையாட்டினேன். புரிந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

தேர்வு அன்று காலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பல் தேய்த்தாள். தலை வாரினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னிக்கு நல்லா இருக்குடி என்று சொல்லி, என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். தேர்வு அறை வரைக்கும் அவள் நடையையே கவனித்துக்கொண்டு போனேன்.

கேள்வித்தாளைப் புரட்டினேன். முதல் கேள்வியே இரண்டு நிறுவனங்கள், நடுவில் விற்ற சரக்கு. பேனா, இடது பை, வலது பை. சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. காது அடைக்கவில்லை, விரல் மரக்கவில்லை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. எனக்குப் பின்னால் அவள் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது.

பாதிக் கணக்கில் அந்தச் சத்தம் நின்றது. விடை வந்துவிட்டது போல என்று நினைத்தேன். பிறகு நாற்காலி விழுந்தது.

கண்காணிப்புக்கு வந்திருந்தவர் நூலகத்துப் பெரியவர். பதறிப்போய் அவளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தோளை அமுக்கிப் பிடித்தார். நாக்கைக் கடித்துவிடுவாள் என்று யாரோ கைக்குட்டையைச் சுருட்டி வாயில் திணித்தார்கள். நான் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன், அதனால்தான் இதெல்லாம் தெரியும். இவளோட இருக்கிற பொண்ணு யாரு, என்ன செய்யணும்னு சொல்லும்மா என்று பெரியவர் கேட்டார்.

நான் குனிந்து எழுதினேன். எழுந்திருந்தால் தேர்வு தள்ளிப்போயிருக்கும். அதற்குள் எல்லாம் மறந்துபோயிருக்கும். எனக்கு என்னைத் தெரியும்.

அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டு வெளியே ஓடினார்கள். தாளைப் பிடுங்க ஆள் வருவதற்குள் கடைசிக் கூட்டலைப் போட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் சரியாக வந்தது. மூச்சுத் திணறி வழியிலேயே இறந்துவிட்டாள் என்று பிறகுதான் சொன்னார்கள்.

நீங்கள் மாத்திரை டப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், மாற்றினது நான்தான். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். அவளுடைய அம்மா என் மடியில் முகம் புதைத்து அழுதபோதுகூட, என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கு என்று சொன்னதாகச் சொன்னேன். அது உண்மைதான்.

மற்றவர்களுக்கெல்லாம் மறுதேர்வு வைத்தார்கள். முழுசாக எழுதியிருந்தவள் நான் ஒருத்திதான், எனக்கு அது தேவைப்படவில்லை. நல்ல மதிப்பெண். சல்லடை என் தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் சுபாவம் அப்படி.

நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, அதனால்தான் இப்படிப் பார்க்கிறீர்கள். அன்றைக்கு நான் எழுந்திருந்தால் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீணாகியிருக்கும். அது அவளுக்குப் பிடித்திருக்காது.