நொதி மணிகளைக் குப்பைக்கு விடாத எங்கள் ஆய்வக அக்காவுக்கு

எண்ணெயின் எண்ணம் அறிந்தவரே! கொழுப்பின் குணம் அறிந்தவரே! இருபத்தொன்பது ஆண்டுகள் எங்களை ஆட்டிவைத்தும் அரவணைத்தும் இன்று பணி நிறைவு பெறும் எங்கள் ஆய்வக அக்காவே! வணக்கம்.

கடுகினும் சிறிய மணிகளில் நொதியைக் கட்டிப்போட்டு, அம்மணிகளை ஆளுயரக் குழாயில் அடுக்கி, ஊடே எண்ணெயை ஓட்டினால், ஒழுகி வருவது பதம் மாறிய புதுக் கொழுப்பு; நொதியோ இருந்த இடத்திலேயே இருந்து அடுத்த எண்ணெய்க்குக் காத்திருக்கும்! இந்த அதிசயத்தை வாயைப் பிளந்து பார்த்தவர்கள் நாங்கள். பத்து முறைக்குமேல் தாங்காதென்று நாங்கள் கைவிரித்த மணிகளை நூறு முறைக்குமேல் உழைக்க வைத்தவர் நீங்கள். நொதியைக் கெடுக்கும் சோப்புப் பிசுக்கு துளி இருந்தாலும் அந்த எண்ணெயைக் குழாய்ப் பக்கமே அண்ட விட மாட்டீர்கள். உங்கள் கண்ணில் மண்ணைத் தூவ எங்களால் முடிந்ததில்லை, முயலாமலும் இல்லை!

அந்த ஒரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொட்டிகளையெல்லாம் நீராவியால் கழுவியே பழகிய கை ஒன்று, பழக்கதோஷத்தில் அந்தக் குழாயின் மேல்வழியாகவும் நீராவியைத் திறந்துவிட்டது. நீராவி பட்டால் நொதி செத்துவிடும். செய்தவன் யாரென்று மாலைக்குள் தெரிய வேண்டும், அவனுக்கு நாளை முதல் வேலை இல்லை என்றார் மேலாளர். நீங்களோ வெள்ளைக் கோட்டின் கையை மடித்துக்கொண்டு, "யாருன்னு அப்புறம் பாக்கலாம் சார். உசுரோட எவ்வளவு இருக்குன்னு முதல்ல பாப்போம்" என்றீர்கள்.

மேலிருந்து சாண் சாணாக மணிகளை அள்ளி, ஒவ்வொரு சாணிலும் ஒரு பிடியை எண்ணெயில் இட்டுச் சோதித்தீர்கள். முதல் மூன்று சாணும் செத்துப்போயிருந்தன. நான்காவதில் கொழுப்பு பதம் மாறியது! மிஞ்சிய மணிகள் அதன்பின்னும் நாற்பது முறை உழைத்தன. அறிக்கையில் நீங்கள் எழுதியது ஒரே வரி: நீராவி வால்வைப் பூட்டாமல் விட்டது ஆய்வகத்தின் தவறு. அந்த வரியால் உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வராமலே போயிற்று. அப்போதும் யாரென்று எங்களை நீங்கள் கேட்கவில்லை.

அன்பின் அக்காவே! நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழ்க! பிள்ளைகள் வீட்டிலும் பாத்திரம் கழுவுவதில் குற்றம் கண்டுபிடித்து மகிழ்ந்து வாழ்க!

இம்மடலை உங்கள் முன் நின்று வாசிக்கும் நான்தான் அன்று வால்வைத் திறந்தவன். மேலாளர் முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார். இருக்கட்டும், அக்கா.

இங்ஙனம்,
எண்ணெய்ப் பதனப் பிரிவின் பணியாளர்கள் பதினான்கு பேரும்