வடக்குப் பக்கம் இன்னும் பாக்கி

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, போதகர் அவர்களே, பேராசிரியர் ஜோசலினின் கணவர் மெர்வின் அவர்களே, ஞாயிறுதோறும் எங்களோடு வெயிலில் நின்ற நண்பர்களே, வணக்கம்.

புகழ்ந்து பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஜோசலின் இருந்திருந்தால், "சுருக்கமா முடிங்க மேடம், டீ ஆறுது" என்றிருப்பார். அந்தக் குரலை இனி எங்கே போய்க் கேட்பது?

அவரிடம் என்ன இருந்தது? கண்ணாடி விரிசல் விட்ட ஒரு ஃபோன். காசு கேட்காத ஒரு செயலி. அவ்வளவுதான்! குன்றத்தூர்ப் பக்கம், அரிகிருஷ்ணன் அவர்களின் நிலத்தில், முட்புதருக்குள் ஒரு கல்வட்டம். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி நட்ட கற்கள். எல்லாப் பக்கமிருந்தும் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினால், அதைத் திரையில் விரலால் திருப்பிப் பார்க்கலாம். தாம்பரத்து அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில், காலை வணக்கங்களுக்கு நடுவே அது போய் விழும். யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பார்த்தார்கள். பிள்ளைகளோடு நேரிலும் வந்தார்கள்.

அந்த நிலத்தை மனைகளாகப் பிரிக்க ஏற்பாடாகியிருந்தது. கற்களைச் சுற்றிச் சுற்றி வந்த ஜோசலினைப் பார்த்து அரிகிருஷ்ணன் சிரித்தார்.

"இன்னாம்மா, வேண்டுதலா?"

"ஆமாண்ணா. உங்க மனசு மாறணும்னு."

"சர்தான். படம் எடுத்து முடிச்சிக்கோ. அதுவரைக்கும் ஜேசிபிய எறக்க மாட்டேன்."

முடித்தாரா? முடிக்கவில்லை! ஒரு ஞாயிறு வெளிச்சம் சரியில்லை. மறு ஞாயிறு நிழல் விழுந்தது. பிறகு ஃபோன் சூடாகிவிட்டது. படத்தில் வடக்குப் பக்கம் மட்டும் ஓட்டையாகவே இருந்தது. இந்த ஃபோனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுப்பார்.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் அரிகிருஷ்ணன் என்னிடம் வந்தார்.

"டீச்சர் போய்ட்டாங்க. இன்னும் எவ்ளோ பாக்கி கீது?"

உள்ளதைச் சொன்னேன். "வடக்குப் பக்கம் முழுசும்ண்ணா."

"நிதானமா எடுங்க" என்றார்.

அவர் இதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். ஜோசலினின் ஃபோனில் கோளாறு எதுவும் இல்லை என்பது அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அன்று, அந்த வாசலில் தெரிந்தது.

ஜோசலின், உங்கள் ஃப்ளாஸ்க் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்குத் துணிவில்லை. ஆனாலும் போவோம். விட்டுச்சென்ற பணியை முடித்து வைப்போம் என்று இத்தகைய கூட்டங்களில் உறுதி சொல்வது வழக்கம். இந்தப் பணியை நாங்கள் முடிக்க மாட்டோம். அந்தக் கற்களைச் சுற்றிக்கொண்டே இருப்போம்.